கொல்லைப்புறத்தில் தம் போட்ட ஆப்பிள்

மழை தூறிக்கொண்டே இருந்தது. கொல்லைப்புறத்துத் தகரக் கூரைக்குக் கீழே மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டியிருந்தோம். அதன்மேல் நெல் அவிக்கிற பெரிய அலுமினிய அண்டா. அண்டாவின் மூடிமேல் ஒரு கூடைத் தணல். லுங்கியை மடித்துக் கட்டிக் குந்தி உட்கார்ந்து, அந்தத் தணலை ஓலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை. தலை தீபாவளிக்கு வந்த புது மாப்பிள்ளை.

அண்டாவுக்குள்ளே ஆப்பிள் வெந்துகொண்டிருந்தது. பட்டை வாசனை, வெண்ணெய் வாசனை, சர்க்கரை உருகிப் பழுக்கிற வாசனை. பக்கத்து வீட்டு மாடு புல்லை விட்டுவிட்டு வேலிக்கு மேலே மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

அப்போதுதான் சந்து வழியாக என் நாத்தனார் வந்து சேர்ந்தார்கள். ஒரு கையில் குடை. இன்னொரு கையில் ஒரு பை ஆப்பிள்.

அந்த நிமிஷம், அண்டாவுக்குள் நானும் இறங்கி மூடியைப் போட்டுக்கொள்ளலாமா என்று தோன்றியது.

ஏன் என்று சொல்கிறேன். அவசரமில்லை. நாத்தனார் அங்கேயே நிற்கட்டும். கையில்தான் குடை இருக்கிறதே.

பேனாவை வைத்துவிட்டாள்

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் கடைசி மகள் புவனா. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், கையெழுத்துப் போட வரும். ஒரு பக்கம் எழுது என்றால் பொழுது சாய்ந்துவிடும். அவள் எழுதி, எனக்குப் படித்துக் காட்டி, நான் தலையாட்டின பிறகுதான் பத்திரிகைக்கு அனுப்ப உறை ஒட்டுவோம். அவளாக ஒரு வார்த்தை சேர்த்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

போன வாரம் கிணறு தூர்வாரின கதை சொன்னபோது சிரித்துச் சிரித்து எழுதினாள். இந்த வாரம் ஆப்பிள் கதை என்றதும் பேனாவை வைத்துவிட்டாள்.

"யம்மா, அது இன்னாத்துக்கு இப்ப? ராஜகுளத்து அத்த படிப்பாங்க."

அத்தை என்றால் குடையோடு நிற்கிற என் நாத்தனார்தான். "படிக்கட்டும்."

"உன் மானம்தான் போவும்."

"அது போயி வந்துடுச்சி. எழுது."

எழுதுகிறாள்.

நோயாளிப் பழம்

எங்கள் பக்கத்தில் ஆப்பிளை ஆசைப்பட்டு வாங்கித் தின்கிறவர்கள் குறைவு. யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் பார்க்கப் போகும்போது கையில் எடுத்துப்போகிற பழம் அது.

நான் முதன்முதலில் ஆப்பிள் பார்த்ததே என் நைனா செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான். பார்க்க வந்தவர் ஒருத்தர் இரண்டு பழம் வைத்துவிட்டுப் போனார். நைனா தின்னவில்லை. எங்கள் ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஒரு கீற்று கொடுத்தார். எனக்கு அந்த வாசனையும் ஆஸ்பத்திரி பினாயில் வாசனையும் சேர்ந்தே மனசில் நின்றுபோனது. அதற்கப்புறம் வெகு காலம், ஆப்பிளைக் கண்டால் யாருக்கு உடம்பு சரியில்லை என்றுதான் கேட்பேன்.

நைனா பிழைத்து வந்துவிட்டார். அதற்கப்புறம் இருபது வருஷம் ஏர் ஓட்டினார். அதனால் பழத்தின்மேல் கோபமும் இல்லை.

இப்போது காலம் மாறிவிட்டது. ஆயுத பூஜை வந்தால் தெருவெல்லாம் மினி லாரியில் மைக் கட்டி ஆப்பிள் விற்கிறார்கள். ஐப்பசி வரைக்கும் அந்தச் சத்தம் ஓயாது. புது மாப்பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் வெறும் கையோடு வருவார்களா? எல்லார் கையிலும் அதே பை. தீபாவளி முடிந்த மறுநாள் எங்கள் வீட்டு நடையில் இரண்டு கூடை ஆப்பிள் சேர்ந்துவிட்டது. தின்பதற்குத்தான் ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் ஒன்றைக் கடித்துப் பார்த்து, "மாவாட்டம் கீது" என்று மாட்டுக்குப் போட்டார்.

வெள்ளைச் சட்டை

புவனா எனக்குக் காலம் தாழ்த்திப் பிறந்தவள். பெரிய பையன்கள் மூன்று பேரும் தலையெடுத்த பிறகு வந்தவள். அதனால் அவளுக்கு வருகிற மாப்பிள்ளை ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி வர வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

பெருநகரில் இருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பெயர் ஜெகதீசன். தங்கமான குணம், அமைதியான பேச்சு. வேலை, கப்பலில். வெள்ளைக்காரர்கள் ஊர் சுற்ற ஏறுகிற பெரிய கப்பல். ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். அவர் கடலில் இருக்கிற மாதங்களில்தான் புவனா என்னோடு இருந்து இதையெல்லாம் எழுதுகிறாள். அந்தக் கப்பலின் சமையல்கட்டில், இனிப்புப் பலகாரம் செய்கிற இடத்தில் அவருக்கு வேலை.

இதை அவர்கள் மறைக்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்றே அவரே சொன்னார். புவனாவுக்குப் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரருக்கும் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது, வேலையைத் தவிர.

அந்தச் சமயத்தில் நாத்தனார் ராஜகுளத்தில் இருந்து வந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர்கள். அவர்கள் வீட்டு மாப்பிள்ளை என்ஜினியர். அதை ஒரு நாளைக்கு நாலு தரம் சொல்லாவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது.

"பையன் கப்பல்ல இன்னாவா கீறான்?" என்று கேட்டார்கள்.

செல்லில் ஒரு போட்டோ இருந்தது. கப்பல் மேல்தளத்தில், பின்னால் நீலமாகக் கடல், மாப்பிள்ளை வெள்ளை வெளேரென்று இரண்டு வரிசைப் பொத்தான் வைத்த சட்டையில் நிமிர்ந்து நிற்கிறார். சமையல்காரர்கள் போடுகிற சட்டைதான் அது. பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

"ஆபீசரு" என்றேன்.

தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்தேதான் சொன்னேன். சொன்ன உடனே நாத்தனார் வாய் மூடிக்கொண்டதைப் பார்த்து எனக்கு வெல்லப்பாகு குடித்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் யார் கேட்டாலும் அதே பதில்தான். கல்யாணத்துக்குள் எங்கள் தெருவுக்கும் ராஜகுளத்துக்கும் அவர் ஆபீசர் ஆகிவிட்டார்.

"எழுதிட்டியாடி?"

"எழுதிட்டேன். நல்லாதான் கீது உன் வெல்லப்பாகு."

நோம்பு அன்று

எங்கள் பக்கத்தில் தீபாவளி என்றால் நோம்பும் சேர்ந்ததுதான். அதிரசம் சுட்டு, தட்டில் அடுக்கி, வெற்றிலை பாக்கு வாழைப்பழம் வைத்து, சாயங்காலம் கோயிலுக்கு எடுத்துப்போய்ப் படைத்து, நோம்புக் கயிறு கட்டிக்கொண்டு வருவோம். அதுவரை அதிரசத்தை யாரும் வாயில் வைக்க மாட்டோம். அந்த வருஷம் தட்டை எடுத்துக்கொண்டு மகளும் மாப்பிள்ளையும் முன்னால் போனார்கள். நான் பின்னால் போனேன். தரையில் கால் பாவவில்லை எனக்கு.

கோயிலில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஆபீசர் மாப்ள, கப்பல் ஓட்டறப்ப புயல் வந்தா இன்னா பண்ணுவீங்க?"

மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார். "நான் ஓட்டறதில்லீங்க" என்றார்.

"ஓட்டறவங்களுக்கு மேல் ஆபீசரு போல" என்று இன்னொருத்தி விளக்கம் சொன்னாள்.

மூன்றாவது ஒருத்தி தன் மகனைக் கையோடு இழுத்து வந்து, "இவன் டிப்ளமா முடிச்சிட்டு சும்மா கீறான். உங்களுக்குக் கீழ ஒரு வேல போட்டுக் குடுங்க ஆபீசர்" என்றாள்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். திரும்பி வருகிற வழியில் யார் "ஆபீசர்" என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு அதிரசம் தின்றார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை நாஷ்டா ஆனதும் புவனா அடுப்படிக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"யம்மா, அவரு நாளைக்குக் காலைல ஊருக்குக் கெளம்பறேன்றாரு."

"சனிக்கிழம வரைக்கும் இருக்கறதாதான பேச்சு?"

"எல்லாம் உன்னாலதான். என் வேலயச் சொல்ல உங்க வூட்டுக்கு வெக்கம்னா, எனக்குப் பொண்ணு குடுத்தது இன்னாத்துக்குன்றாரு. நான் இன்னா பதில் சொல்றது?"

எனக்கு அடுப்பில் இருந்த பால் பொங்கினதுகூடத் தெரியவில்லை. தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை பாதியில் கிளம்பினால் அது எந்த வீட்டுக்கும் தாங்காது. அதைவிட, அவர் இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் கப்பல் ஏறப்போகிறவர். இந்தக் கோபத்தோடு ஏறினால் ஒன்பது மாதம் கழித்துத்தான் மறுபடி முகம் பார்க்க முடியும். என் பெண் அந்த ஒன்பது மாதமும் இதையே நினைத்துக்கொண்டு கிடப்பாள்.

கேட்கத் தெரியாத மன்னிப்பு

தப்பு என்னுடையது. போய் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் எனக்கு அந்த வார்த்தை வாயில் வராது. கல்யாணம் ஆன நாளில் இருந்து என் வீட்டுக்காரரிடமே நான் அப்படிக் கேட்டதில்லை. ஏதாவது தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குப் பிடித்த கத்தரிக்காய் வறுவல் செய்துவிடுவேன். அவரும் புரிந்துகொண்டு சாப்பிட்டுவிடுவார். எங்கள் குடும்பம் அப்படித்தான் ஓடியது.

அதனால் புவனாவிடம் கேட்டேன். "அவருக்கு இன்னா பிடிக்கும்? சொல்லு, பண்ணிடறேன்."

"அவருக்குத் துன்றதுல பெரிசா ஆச இல்லம்மா. பண்றதுலதான் ஆச. நேத்திலருந்து அந்த ஆப்பிள் கூடையவே பாத்துக்கினு கீறாரு."

மாப்பிள்ளை அடுப்படிக்குள் கால் வைப்பது எங்கள் வழக்கத்தில் கிடையாது. அதுவும் தலை தீபாவளியில், தண்ணீர்கூடக் கைக்குப் போக வேண்டும். அவர் எழுந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு குடித்தால் மாமியாருக்கு அவமானம். ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் போனேன்.

"மாப்ள, இந்த ஆப்பிளெல்லாம் வீணாப் பூடும் போல கீது. எதனா பண்ண முடியுமா?"

நிமிர்ந்து பார்த்தார். "நான் பண்றதா அத்த?"

"நீங்கதான்."

நடையில் இருந்த ஆப்பிள் கூடையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வாசக் கதவ சாத்திட்டு வரட்டுமா?"

சுருக்கென்று தைத்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், வாசக் கதவை நானே போய்ச் சாத்திவிட்டுத்தான் வந்தேன். மாப்பிள்ளை சமைக்கிறதைத் தெரு பார்க்க வேண்டாம் என்று அந்த நேரத்திலும் எனக்கு இருந்தது.

மேலேயும் நெருப்பு, கீழேயும் நெருப்பு

அவர் செய்யப்போவதற்குக் காப்ளர் என்று பெயராம்.

"வெள்ளக்காரங்க ஊர்ல இந்த மாசம் மரத்துல எல பழுத்துக் கொட்டும் அத்த. குளுரு ஆரம்பிக்கும். ஆப்பிள் காய்ச்சுத் தள்ளும். அப்ப வூட்டுக்கு வூடு இதப் பண்ணி சுடச்சுடத் துன்னுவாங்க. கப்பல்லயும் இந்த மாசம் முழுக்க இதான் கேப்பாங்க."

"எல கொட்டறது குளுருலயா? நமக்கு வெயில் ஏறறப்ப இல்ல கொட்டும்?"

"அங்க எல கொட்டுது, இங்க மழ கொட்டுது. துன்றதுக்கு எதனா ஒரு சாக்கு" என்றார். மூன்று நாளில் அவர் பேசின நீளமான பேச்சு அதுதான்.

ஆப்பிளைத் தோல் சீவி வெட்ட உட்கார்ந்தார். நான் அரிவாள்மணையைக் காட்டினேன். கத்தி போதும் என்றார். கத்தி போகிற வேகம் கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு துண்டும் அளந்து வெட்டினது போல ஒரே கனம். நான் கல்யாண வீடுகளுக்கே காய் நறுக்கினவள். வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முழங்கைக்குக் கீழே அவர் கையில் கோடுகோடாகச் சூட்டுத் தழும்பு இருந்தது. என் கையைத் திருப்பிப் பார்த்தேன். அதே இடத்தில், அதே மாதிரி. அவர் கவனிப்பதற்குள் முந்தானையால் மூடிக்கொண்டேன்.

ஆப்பிளில் சர்க்கரை, தட்டின பட்டை, எலுமிச்சம்பழச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் கலந்து ஆழமான எவர்சில்வர் பேசினில் பரப்பினார். அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டார்.

"இதுக்கு ஓவன்னு ஒரு சூட்டுப் பெட்டி வேணும் அத்த. அங்க ஆளு உயரத்துக்கு நாலு கீது. கீழ மட்டும் சூடு வச்சா ஆவாது. மேலயும் வேவணும்."

"பாய் பிரியாணிக்குத் தம் போடறப்ப மூடி மேல தணல் கொட்டறாரே, அந்த மாதிரியா?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "அதே மாதிரிதான் அத்த."

அண்டாவை இழுத்துப் போட்டேன். வேர்க்கடலை வறுக்க வைத்திருந்த ஆற்று மணலை அடியில் நாலு விரல் கொட்டினேன். மணல்மேல் ஒரு ஓட்டுச்சில்லு, சில்லின்மேல் பேசின். மணல் இருந்தால் அடி தீயாது, சூடும் சமமாக ஏறும். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

அந்தக் கல்

மேல் மாவுக்கு மைதா, சர்க்கரை, ஆப்ப சோடா, வீட்டில் கடைந்த வெண்ணெய், கெட்டி மோர். வெண்ணெயை விரல் நுனியால் மாவில் உதிர்த்தார். மோர் விட்டு இரண்டு கிளறு கிளறினார். அவ்வளவுதான். அங்கங்கே கட்டி, அங்கங்கே உலர்ந்த மாவு.

"அத்த, இத இப்பிடியே வுட்டுடுங்க. பிசையவே கூடாது. நான் தணல் எடுத்தாறேன்."

அவர் அந்தப் பக்கம் போனார். நான் அந்த மாவைப் பார்த்தேன்.

இதைப் படிக்கிற பெண்களே சொல்லுங்கள். கட்டி கட்டியாக ஒரு மாவைக் கண்ணெதிரே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு எப்படி நிற்பது? பத்து வயதில் இருந்து மாவு பிசைகிறேன். கட்டி இருந்தால் அன்று என் அம்மா கையால் முதுகில் ஒன்று நிச்சயம். பாவம், ஆண்பிள்ளை, கை வலித்து அரைகுறையாக விட்டுவிட்டுப் போகிறார், நாம் ஒரு கை கொடுப்போம் என்று நினைத்தேன். உட்கார்ந்து, அழுத்தி, மடித்து, அழுத்தி, பூரிக்குப் பிசைகிற மாதிரி பிசைந்துவிட்டேன். பட்டாய் வந்தது. தட்டி, ஆப்பிள்மேல் நானே அழகாய்ப் பரப்பி, ஓரமெல்லாம் ஒட்டி, அண்டாவில் வைத்து மூடியும் போட்டுவிட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து மூடியைத் தூக்கினார். பேசினின்மேல் பளபளவென்று செங்கல் நிறத்தில் மாவு கல்லாகிக் கிடந்தது. விரலால் தட்டினார். டொக் டொக் என்றது. கரண்டியால் குத்தினார். கரண்டி வளைந்தது.

"அத்த, பிசைஞ்சீங்களா?"

"கட்டியா இருந்துது மாப்ள."

அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். பார்த்தால் சிரிக்கிறார். சத்தம் வராமல் கண்ணில் தண்ணி வர வர, செங்கல்லின்மேல் உட்கார்ந்து சிரிக்கிறார். புவனா ஓடி வந்து பார்த்தாள். அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இரண்டாவது பேசினுக்கு அவரே மாவு கலந்தார். "அத்த, நீங்க கையப் பின்னால கட்டிக்குங்க" என்றார். கட்டிக்கொண்டேன். போண்டாவுக்குப் போடுகிற மாதிரி கிள்ளிக் கிள்ளி, இடைவெளி விட்டுப் போட்டார். ஆப்பிள் மூச்சு விட வழி வேண்டுமாம். மூடி போட்டு, தணல் கொட்டி, விசிற உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்பு கேட்காமலே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அவர் விசிறிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "சிரிச்சிட்டேன்னு தப்பா நெனைக்காதீங்க அத்த. நாளைக்கி நான் கெளம்பத்தான் போறேன். இங்க எனக்குத் தெரு முழுக்க வேற ஆளா இருக்க வேண்டியிருக்குது. எனக்கு அது ஆவல."

கொல்லைப்புறத்தோடு முடிகிற சமாதானம் அவருக்குப் போதவில்லை.

குடையோடு நின்றவர்கள்

இப்போது நாத்தனாருக்கு வருவோம். நின்று நின்று அவர்களுக்குக் கால் வலிக்கும்.

வாசக் கதவு சாத்தியிருந்ததால்தான் அவர்கள் சந்து வழியாகச் சுற்றி வந்தார்கள். கதவைத் திறந்து வைத்திருந்தால் நடையோடு உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்திருப்பேன். நானே சாத்தி, நானே அவர்களைக் கொல்லைக்கு வரவழைத்துக்கொண்டேன்.

"இன்னாடி கன்னியம்மா இது? தல தீவாளி மாப்ளய அடுப்பூத வுட்டுக்கினு கீற?"

மாப்பிள்ளை எழுந்து நின்றார். லுங்கியை இறக்கிவிட்டுக் கை கூப்பினார். "வாங்க பெரியத்த."

"சும்மா, மழைக்குப் பொழுது போவலன்னு..." என்று நான் இழுத்தேன்.

நாத்தனார் கூரைக்குக் கீழே வந்தார்கள். ஓரமாக வைத்திருந்த முதல் பேசின் கண்ணில் பட்டது. குனிந்து தட்டிப் பார்த்தார்கள்.

"இது இன்னாடி, வரட்டியா? வூட்டுக்குள்ள ஏன் தட்டி வச்சிக்கீற?"

மாப்பிள்ளைதான் பதில் சொன்னார்.

"அது நான் பண்ணதுங்க பெரியத்த. மாவு சரியா வரல."

"அதான பாத்தேன்" என்றார்கள் நாத்தனார். அவர்கள் குரலில் கேலிகூட இல்லை. ஆறுதலாகத்தான் சொன்னார்கள். "வுடுங்க மாப்ள. ஆபீசரு கைக்குக் கரண்டி எப்பிடி வரும்?"

மாப்பிள்ளை ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தை. என் கல்லையும் தன்னுடையது என்று சொல்லி, என் பொய்யையும் தானே தூக்கிக்கொண்டார். நாளைக்குப் போகப்போகிற மனிதர். எனக்காக அதைச் சொல்ல வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. கதவோரம் நின்ற புவனா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் எழுந்து நின்றேன்.

"இல்லக்கா" என்றேன்.

"இன்னா இல்ல?"

"ஆபீசரு இல்ல. எங்க மாப்ள சமையக்காரரு. கப்பல்ல ஏறுற அத்தினி சனத்துக்கும் இனிப்பு பண்றவரு. நான்தான் உங்கிட்ட பொய் சொன்னேன். அந்தக் கல்லும் அவரு பண்ணதில்ல. பிசையாதீங்கன்னு அவரு சொல்லிட்டுப் போனாரு. நான் பிசைஞ்சிட்டேன். கொறையெல்லாம் என்னுது. நல்லதெல்லாம் அந்த அண்டாவுக்குள்ள கீது. உக்காரு."

நாத்தனார் குடையை மடக்கினார்கள். மறுபடி விரித்தார்கள். மறுபடி மடக்கினார்கள்.

"அடிப்பாவி. எங்க தெரு பூரா என் தம்பி மாப்ள கப்பல் ஆபீசருன்னு சொல்லி வச்சிக்கீறேன். இப்ப நான் இன்னாத்த சொல்றது?"

"சமையக்காரருன்னு சொல்லு. அத்தினி பேர் கிட்ட ஆபீசருன்னு சொன்ன வாய்தான?"

உள்ளே இருந்து என் வீட்டுக்காரர் இருமிக்கொண்டே வந்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அக்காவுக்கு ஒரு மணை எடுத்துப் போட்டார். "உக்காருக்கா. காலைலருந்து வாசனதான் சாப்பிட்டுக்கினு கீறேன். இவங்க பஞ்சாயத்து முடிஞ்சாதான் துன்ன ஏதாச்சும் வரும்."

மாப்பிள்ளை தகர முறத்தில் தணலைத் தள்ளி மூடியைத் தூக்கினார். ஆவி கூரைத் தகரத்தை முட்டியது. உள்ளே மாவு திட்டுத் திட்டாகப் பொங்கி, முந்திரிப்பருப்பு வறுத்த நிறத்தில் இருந்தது. திட்டுகளுக்கு இடையே சாறு குமிழி விட்டுக் கொதித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு கட்டி விட்டாரோ அவ்வளவும் அழகாக மாறியிருந்தது. முதல் கிண்ணம் நாத்தனாருக்குத்தான் கொடுத்தார்.

ஊதி ஊதி ஒரு வாய் வைத்தார்கள். மென்றார்கள். இரண்டாவது வாய். நாங்கள் எல்லாரும் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே மொறுமொறுப்பு, கீழே அல்வா மாதிரி ஆப்பிள், நடுவே கொஞ்சம் புளிப்பு. அவர்கள் கிண்ணத்தை நீட்டினார்கள். மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் வைத்தார்.

அதையும் முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்கள்.

"எங்க மாப்ளக்கி ஒரு டீ போடத் தெரியாது" என்றார்கள். கொஞ்சம் கழித்து, "ராஜகுளத்துக்கு ஒரு டப்பால போட்டுக் குடு. இத வாயில போட்டுட்டு அப்பறம் சேதி சொன்னா எவளும் ஒண்ணும் பேச மாட்டா."

மாப்பிள்ளை சிரித்தார். இந்தத் தடவை சத்தம் வந்தது.

புவனா கிண்ணங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. ஆனால் பேசினில் ஒரு ஓரம் காலியாக இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் நடையில் நின்று என்னவோ மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். நான் காதைத் தீட்டிக்கொள்ளவில்லை. கொஞ்சம் தீட்டினேன். ஒன்றும் விழவில்லை.

நாத்தனார் டப்பாவோடு கிளம்பின பிறகு நான் அண்டாவைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வந்து மணலை ஓரமாய்க் கொட்டினார். கொல்லையைப் பார்த்தபடி சொன்னார்.

"இன்னும் ஒரு கூட ஆப்பிள் கீது அத்த. நாளைக்கிப் பண்ணினா தெருவுக்கே குடுக்கலாம். வெண்ணெ மட்டும் சொல்லி வச்சிடுங்க."

நாளைக்கு என்றார்.

நான் கையைக் கழுவாமலே, வாசக் கதவை அகலத் திறந்து போட்டுவிட்டு, மழையிலேயே நடந்தேன். நாலு வீடு தள்ளி மாடு வைத்திருக்கிற செல்வி வாசலில் நின்றிருந்தாள்.

"செல்வி, நாளைக்கிக் காலைல உங்க வூட்டு வெண்ணெ மொத்தமும் எனக்கு."

"இன்னாக்கா, இம்மா வெண்ணெ இன்னாத்துக்கு?"

"எங்க மாப்ள சமைக்கப் போறாரு" என்றேன். எதிர் வரிசைக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு தரம் சொன்னேன்.